கெண்டைக்கால் உறைக் கம்பெனி

விளையாட்டுக்குக் கருவி செய்யற கம்பெனி ஆரம்பிக்கப் போறேன், ரெண்டு வார்த்தை சொல்லுங்கன்னு இப்ப யார் யாரோ வந்து எங்கிட்ட கேக்குறாங்க. என்னத்தைச் சொல்ல? நான் தென் கொரியாவுல, டேகு ஊர்ச் சந்தைக்குப் பின்னால நாலு மெஷின் போட்டு, மலையேறப் போறவங்களுக்குக் கால்சட்டை தைச்சுக்கிட்டிருந்தவ. கம்பெனி என் மக யோன்ஜுவோடது. நான் அதுல தையக்காரி. ஆனா அந்தக் கம்பெனி எப்படிச் செத்துச்சுன்னு அவளைவிட எனக்கு நல்லாத் தெரியும். அவ மேடையில ஏறிப் பாடம் ஒண்ணு, பாடம் ரெண்டுன்னு சொல்றா. அழகாத்தான் சொல்றா. நடந்தது இது.

யோன்ஜு பள்ளிக்கூடத்துல ஆயிரத்தைந்நூறு மீட்டர் ஓடுவா. விளையாட்டுப் பள்ளிக்கூடம், விடுதியிலயே தங்கணும். கடைசி வருஷம் ஒரு மாசமா அவளுக்கு முழங்காலுக்குக் கீழ முன்பக்க எலும்புல வலி. வாயைத் திறக்கலை. வலிக்குதுன்னு சொன்னா கோச் பட்டியல்லேர்ந்து பேரை எடுத்துடுவாரு. படிப்பு முடிச்சதும் ஏதாவது நகராட்சி அணியில எடுத்துக்கிட்டாத்தானே சம்பளம், சோறு எல்லாம். அதனால பல்லைக் கடிச்சுக்கிட்டு ஓடியிருக்கா. ஒரு நாள் வளைவுல திரும்பும்போது எலும்பு போச்சு. சத்தம் எனக்கே கேட்டுச்சும்மான்னா. அதோட ஓட்டமும் போச்சு.

அப்புறம் எஞ்சினியரிங் படிச்சா. பெரிய கம்பெனில வேலை பார்த்தா. முப்பத்திரண்டு வயசுல அதை உதறிட்டு வந்து என் வெட்டுற மேசை மேல ஏறி உக்காந்துக்கிட்டா.

"அம்மா, பிள்ளைங்க வாயால சொல்லாதுங்க. கால் சொல்லட்டும்."

"கால் எந்த பாஷைல பேசுமாம்?"

"பச்சை, மஞ்சள், சிவப்பு."

"சரி, மேசையை விட்டு இறங்கு. துணி கசங்குது."

விஷயம் இதுதான். கெண்டைக்கால்ல இழுத்து மாட்டுற மாதிரி ஒரு உறை. உள்ள கட்டை விரல் நகம் அளவுக்கு ஒரு சென்சார். ஓடும்போது எலும்பு எவ்வளவு அடி வாங்குதுன்னு எண்ணிக்கிட்டே வரும். கோச் கையில இருக்கிற திரையில அந்தப் பிள்ளை பேருக்கு நேரா பச்சை எரிஞ்சா ஓடலாம். சிவப்புன்னா ரெண்டு நாள் உக்காரணும். கேக்க எவ்வளவு சுலபமா இருக்கு? அறுபத்தி மூணு மாதிரி தைச்சேன். ஒண்ணு வழுக்கி இறங்குச்சு. ஒண்ணு தோலைச் சிவக்க வச்சுது. ஒண்ணு வேர்வை பட்டதும் துணியே பல்லைக் காட்டுச்சு. யோன்ஜு சென்சாரைப் பத்தியே பேசுவா. அடியே, பிள்ளைங்க மாட்டிக்கப் போறது உன் சென்சாரை இல்லடி, என் துணியைன்னு நான் கத்துவேன். விரல்கடை தளர்ந்தாக்கூட எண்ணிக்கை தப்பிடும். அதனால ஆளாளுக்கு அளவெடுத்துத்தான் தைக்கணும்னு முடிவாச்சு. கம்பெனி ஆரம்பிக்கிறவங்களுக்கு என் முதல் புத்தி வேணும்னா இதை எழுதி வச்சுக்கங்க: உடம்புல படுற பொருள்னா, தைக்கிறவளை முதல் நாளே கூப்பிடுங்க.

ரெண்டாவது புத்தி கசப்பு. முதல்ல வாங்குற ஆள் தெரிஞ்ச ஆளா இருந்தா நல்லதும்பாங்க. நானும் அப்படித்தான் சொன்னேன். "பியோ சார்கிட்ட போ. உன்னை ஓட வச்சவரு, மறுக்க மாட்டாரு"ன்னு நான்தான் அனுப்பினேன். வயித்துல அடிச்சுக்கணும் போல இருக்கு.

பியோ சார் அதே பள்ளிக்கூடத்துல இன்னும் கோச். தலை நரைச்சுடுச்சு, குரல் மட்டும் அப்படியே. கறி சூப்புக் கடையில உக்கார வச்சோம். யோன்ஜு ரெண்டு கையாலயும் பாட்டிலைப் பிடிச்சு அவருக்கு சோஜுச் சாராயம் ஊத்தறா, தான் குடிக்கிறப்ப முகத்தைத் திருப்பிக்கிறா. முப்பத்தஞ்சு வயசு முதலாளியம்மா! அவர் முன்னால இன்னும் பதினெட்டு வயசுப் பொண்ணுதான்.

"ஏம்மா, உன் கால் ஒடைஞ்சதுக்கு என்மேல வழக்குப் போடுவேன்னு நினைச்சேன். நீ கம்பெனி போட்டுட்டியா?"ன்னு சிரிச்சாரு.

அவளும் சிரிச்சா. நானும் சிரிச்சேன். சிரிக்காம என்ன பண்றது?

"வலிக்குதுன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நிறுத்தியிருக்க மாட்டேனா?"ன்னு வேற கேட்டாரு.

"என் தப்புதான் சார்"னா அவ.

அவர் ஆட்டிப் படைச்ச பழைய பிள்ளைங்கதான் சுத்துப்பட்டுல ஆறு பள்ளிக்கூடத்துல கோச்சா இருக்காங்க. இவர் வாயைத் திறந்தா அந்த ஆறும் வாங்கும். ஆறு வாரம் இவர் அணியில போட்டுப் பார்க்கறது, அடி படாம ஓடினா ஆறு பள்ளிக்கூடமும் மே இருபதாம் தேதி ஒண்ணா கையெழுத்துப் போடறதுன்னு பேச்சு. அந்தக் கையெழுத்து விழுந்தாத்தான் கம்பெனி. இல்லைன்னா மூணு வருஷ உழைப்பும் அதுக்காக நான் மாத்திப் போட்ட மெஷின்களும் குப்பை. இது எங்க ரெண்டு பேருக்கும் தெரியும்.

பதினாலு பொண்ணுங்களுக்கு அளவெடுக்கப் போனேன். வரிசையா காலைத் தூக்கி ஸ்டூல் மேல வைக்குதுங்க. கேப்டன் பேரு ஹாரிம். கடைசி வருஷம். ஆளு நல்ல உசரம், கெண்டைக்கால் முப்பத்தேழு சென்டிமீட்டர்.

"பெரியம்மா, சத்தமா சொல்லாதீங்க. காலைப் பார்த்துத் தடி முள்ளங்கின்னு பேர் வச்சிருவாளுங்க."

"ஏற்கனவே வச்சாச்சுக்கா!"ன்னு பின்னாலேர்ந்து ஒருத்தி.

"யாருடி அது? இன்னிக்கு எல்லார் துணியும் நீதான் தொவைக்கிறே."

ஒரே சிரிப்பு. முதல் வருஷத்துப் பொண்ணு ஒண்ணு, டான்பின்னு பேரு, கடைசியா வந்துச்சு. முப்பத்தொண்ணு. கொக்குக் காலு. அளவு நாடா ரெண்டு சுத்து வரும் போல இருந்துச்சு. பதினாலு பேரோட அளவையும் நோட்டுல எழுதி, உறையோட விளிம்புல நம்பர் தைச்சேன். ஹாரிமுக்கு நாலு. டான்பிக்குப் பதினொண்ணு.

முதல் ரெண்டு வாரம் நல்லாப் போச்சு. மூணாவது வாரம் ஹாரிம் பேருக்கு நேரா சிவப்பு. பியோ சார் என்ன பண்ணியிருக்காருன்னா, காலைல எல்லாரும் வரிசையா நிக்கும்போது அந்தத் திரையைக் கையில வச்சுக்கிட்டு சத்தமா படிச்சிருக்காரு. "கேப்டனம்மாவுக்குச் சிவப்பாம். போய் குடை பிடிச்சு உக்காருங்க. சின்னப் புள்ளைங்க ஓடும், நீங்க வேடிக்கை பாருங்க." இளசுங்க ஓட, மூத்தவ உக்காந்திருக்கணும்! அதைவிட அவளை முட்டி போட வச்சிருக்கலாம். நகராட்சி அணிக்காரங்க வேற ஏப்ரல் கடைசியிலேர்ந்து வந்து பார்த்துட்டுப் போறாங்க. உக்காந்திருக்கிற பொண்ணை யார் பாப்பாங்க?

யோன்ஜு எல்லாத்தையும் யோசிச்சிருந்தா. மழை, வேர்வை, பேட்டரி. ஒரு வரிசைக்கு முன்னால நின்னு அந்தச் சிவப்பைச் சத்தமாப் படிப்பாங்கன்னு யோசிக்கலை. அந்த வரிசையில ஆறு வருஷம் நின்னவ!

அதுக்கப்புறம் ஹாரிமுக்குச் சிவப்பே வரலை. பச்சை, பச்சை, பச்சை. சிவப்பெல்லாம் டான்பிக்கு. கோச் அவளைத் திட்டித் தீர்த்திருக்காரு. "ரெண்டு ரவுண்டு ஓடறதுக்குள்ள எலும்பு நோகுதா? நீ காகிதத்துல செஞ்ச பொண்ணா?"

ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை யோன்ஜு உறைங்களை மூட்டையாக் கொண்டு வருவா. நான் எலாஸ்டிக் பார்த்து, பிரிஞ்சதைத் தைச்சுக் கொடுப்பேன். மே எட்டாம் தேதி மூட்டையைப் பிரிச்சேன். பதினொண்ணாம் நம்பர், கொக்குக் கால்காரியோடது, பக்கத் தையல் பிளந்து வாயைத் திறந்துக்கிட்டு இருக்கு. நாலாம் நம்பர், முள்ளங்கியோடது, கொஞ்சம்கூட இழுபடலை. விளிம்புல வரிசையா சேஃப்டி பின் குத்தின ஓட்டை. லொடலொடன்னு இருக்கிறதை மடிச்சுப் பின் குத்தி யாரோ போட்டிருக்காங்க.

நாப்பது வருஷமாத் துணியைப் பார்க்கிறேன். அது பொய் சொல்லாது. மூத்தவங்க துணியை இளசுங்கதான் தொவைச்சு மடிச்சு எடுத்துக் கொடுக்கணும், அது அங்க வழக்கம். உறையும் அப்படித்தான் கை மாறியிருக்கு. என்னுதை நீ போட்டுக்கோ, உன்னுதை எனக்குக் கொடுன்னு அக்கா சொன்னா, முடியாதுன்னு சொல்ல எந்த டான்பிக்கு வாய் வரும்?

மத்தியானம் யோன்ஜு நூடுல்ஸ் சாப்பிட்டுக்கிட்டிருந்தா. ரெண்டு உறையையும் அவ முன்னால போட்டேன்.

"பாரு. மாத்திப் போட்டுக்குதுங்க."

அவ பார்த்தா. குச்சியைக் கீழ வைக்கலை.

"காது கேக்குதா? அந்தப் பச்சையெல்லாம் டான்பியோட பச்சை. ஹாரிம் கால் என்ன கதில இருக்குன்னு இப்ப யாருக்குமே தெரியாது."

"கேக்குதும்மா."

"பியோ சார்கிட்ட சொல்லு."

"உங்க பிள்ளைங்க உங்களை ஏமாத்துதுங்க சார்னு நான் போய் அவர்கிட்ட சொல்லணுமா? அவர் மூஞ்சி என்னாகும்? அவர்தான் அந்த ஆறு பேரையும் கூட்டிட்டு வரணும்."

"அப்ப ஹாரிம்கிட்ட தனியா சொல்லு. விளையாட்டாச் சொல்ற மாதிரி நான் சொல்லட்டா?"

"அம்மா. பன்னெண்டு நாள். கையெழுத்து விழட்டும். மறுநாளே நான் சரி பண்ணிடறேன்."

"பன்னெண்டு நாள் எலும்பு தாங்குமா?"

அவ சூப்பைக் குடிச்சு முடிச்சா. அப்புறம் பதினொண்ணாம் நம்பரை எடுத்து என் பக்கம் தள்ளினா. "இது இப்படிப் பிளந்து போனா பள்ளிக்கூடத்துல யாராவது பார்ப்பாங்க. தைச்சுடும்மா. கொஞ்சம் அகலமா."

கொஞ்சம் அகலமா.

தைச்சேன். நான் என்ன குழந்தையா, புரியாம தைக்க? பதினொண்ணாம் நம்பருக்குப் பக்கத்துல ஒரு பட்டை கொடுத்து முப்பத்தேழா ஆக்கினேன். நாலாம் நம்பரைப் பிடிச்சு முப்பத்தொண்ணா ஆக்கினேன். நம்பர் விளிம்புல அப்படியே. தையல் தெரியாம உள்பக்கமா மடிச்சு, ரொம்ப சுத்தமா வந்துச்சு. கை வேலை நல்லா வந்தா மனசுக்கு ஒரு நிம்மதி வருமே, அதுகூட வந்துச்சு. அதை நினைச்சாத்தான் இப்ப நெஞ்சு எரியுது.

நாலு நாள் கழிச்சு யோன்ஜு ஒரு ஆரஞ்சுப் பழம் கொண்டு வந்து கொடுத்தா. ஹாரிம் கொடுத்தனுப்பினாளாம். பழத்தோட ஒட்டின சீட்டுல, 'பெரியம்மா, இப்ப இறுக்கவே இல்லை. நீங்க சொல்லாம இருந்ததுக்கு நன்றி'ன்னு எழுதியிருந்துச்சு. அந்தப் பொண்ணு நான் அவ பக்கம்னு நினைச்சுக்கிச்சு.

மே பதினேழு, சனிக்கிழமை. மாகாணப் போட்டி. கடைசி வளைவுல ஹாரிம் முன்னால வந்துக்கிட்டிருந்தா. நான் மேல படியில உக்காந்திருந்தேன். ஒரு அடி வச்சா, அடுத்த அடி வைக்கலை. அப்படியே மடங்கிட்டா. பியோ சார் கையில இருந்த திரையில அவ பேருக்கு நேரா பச்சை.

கையெழுத்தை நிறுத்தி வச்சுட்டாங்க. ஹாரிமோட அம்மா மீன் கடை வச்சிருக்காங்க. விளையாட்டுக் கழகத்துல புகார் கொடுத்துட்டாங்க. "மெஷின் பச்சைன்னுச்சு, எம் பொண்ணு கால் ஒடைஞ்சுது. அப்ப அது என்ன மெஷின்?" நியாயமான கேள்விதானே.

விசாரணைக்கு முந்தின நாள் யோன்ஜு எங்கிட்ட வந்தா. "அளவு நோட்டும் அந்த ரெண்டு உறையும் எடுத்துக்கோ. வேற ஏதாவது இருக்காம்மா?"

"எதுவும் இல்லை"ன்னேன். சீட்டைக் கிழிச்சுக் கழிப்பறையில போட்டு ரெண்டு நாள் ஆயிருந்துச்சு.

நீட்டு மேசை. அந்தப் பக்கம் கழகத்துக்காரங்க மூணு பேர். பியோ சார் ஒரு ஓரத்துல. ஹாரிம் ஊன்றுகோலோட, அவ அம்மா பக்கத்துல, கையில மீன் வாடை போகத் தேய்ச்சுக் கழுவின சிவப்பு. டான்பி தலையைக் குனிஞ்சவ நிமிரவே இல்லை.

யோன்ஜு ஒரு படம் காட்டினா. ஒவ்வொருத்தர் ஓட்டமும் கையெழுத்து மாதிரியாம், அடி வைக்கிற தூரம், கால் தரையில நிக்கிற நேரம். "நாலாம் நம்பர் உறை மூணாவது வாரத்துலேர்ந்து டான்பியோட கால்ல இருந்திருக்கு. கருவி பிழை பண்ணலை"ன்னா. கோடு போட்டுக் காட்டினா. ரொம்பத் தெளிவா இருந்துச்சு. நான் அந்தக் கோட்டைப் பார்த்துக்கிட்டே உக்காந்திருந்தேன். மூணாவது வாரம். நான் உறையைக் கொண்டு போய்ப் போட்டப்ப அவ ஆச்சரியப்படவே இல்லைங்கிறது அப்பத்தான் ஞாபகம் வந்துச்சு. விபத்துக்கு அப்புறம்தான் இதை ஆராய்ஞ்சு பார்த்தோம்னு அவங்ககிட்ட சொன்னா. குரல் பிசகலை.

அப்புறம் என்னைக் கூப்பிட்டாங்க. நோட்டைக் காட்டினேன். ஒருத்தர் உறையை அளந்து பார்த்தாரு.

"பதினொண்ணு, முப்பத்தேழு இருக்கு. நோட்டுல முப்பத்தொண்ணு. எப்படி?"

"பெரிய கால் போட்டுப் போட்டு இழுத்திருக்கு."

"நாலு எப்படிச் சின்னதாச்சு?"

"சுடுதண்ணில தொவைச்சிருப்பாங்க. சுருங்கியிருக்கும்."

மூணு ஆம்பளைங்க. எவருக்காவது துணி தெரிஞ்சிருந்தா உள்பக்கத் தையலைத் திருப்பிப் பார்த்திருப்பாங்க. தலையாட்டி எழுதிக்கிட்டாங்க.

"இதை நீங்க முதல்ல எப்ப கவனிச்சீங்க?"

"கால் ஒடைஞ்சதுக்கு அப்புறம்"ன்னேன்.

ஹாரிம் நிமிர்ந்து என்னைப் பார்த்தா. கோபமாப் பார்த்திருந்தா தாங்கியிருப்பேன். புரியாம பார்த்தா. வேற யாரோ பேசிட்டாங்க, பெரியம்மா இப்பத் திருத்தம் சொல்லிடுவாங்கன்னு காத்திருக்கிற மாதிரி. அப்புறம் அவ வாய் திறந்துச்சு. "ஐயா, அந்த உறை..."

பியோ சார் தொண்டையைச் செருமினாரு. அவ்வளவுதான். செருமல் ஒண்ணு. அந்தப் பொண்ணு வாயை மூடிக்கிச்சு. பெரியவங்க பேசும்போது நடுவுல பேசறது இல்லைன்னு நாங்கதானே சொல்லி வளர்த்தோம்.

தீர்ப்பு எங்க பக்கம். கருவியில குறை இல்லை. வீராங்கனை பொய்க் கணக்குக் காட்டினதுக்காக ஒரு வருஷம் போட்டிகள்ல கலந்துக்கக் கூடாது. நகராட்சி அணி, எடுக்கறதா இருந்த இடத்தை வேற பொண்ணுக்குக் கொடுத்துடுச்சு. எலும்பு நாலு மாசத்துல கூடிடும்னு டாக்டர் சொன்னாங்களாம். கூடி என்ன பிரயோஜனம்?

வெளிய நடைபாதையில ஹாரிமோட அம்மா எங்கிட்ட வந்தாங்க. திட்டப் போறாங்கன்னு நின்னேன். இடுப்பை வளைச்சு வணங்கினாங்க. "எம் பொண்ணு பண்ணினதுக்கு மன்னிச்சுக்கங்க. உங்க பொண்ணோட கம்பெனியைக் கெடுக்கப் பார்த்துட்டா." நானும் வணங்கினேன். அவங்களைவிடக் கீழ குனிய முயற்சி பண்ணினேன், முதுகு விடலை.

கம்பெனி பிழைச்சுதுன்னு நினைச்சீங்களா? பியோ சார் யோன்ஜு தோள்ல தட்டினாரு. "உன் மெஷின் ரொம்ப நல்ல மெஷின்மா. என் பிள்ளைங்க எனக்குத் தெரியாம என்ன பண்ணுச்சுன்னு ஊருக்கே காட்டிடுச்சு." சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாரு. அந்த வாரமே ஆறு பள்ளிக்கூடத்துலேர்ந்தும் ஒவ்வொருத்தரா பேசினாங்க. ஒருத்தர்கூட வேண்டாம்னு சொல்லலை. அடுத்த பருவத்துல பார்க்கலாம், இப்ப கொஞ்சம் வேலை, உடம்பைப் பார்த்துக்கங்க. வீட்டுக்குள்ள நடக்கறதை வெளிய போய்ச் சொல்ற பொருளை யார் வீட்டுக்குள்ள விடுவாங்க? மெஷின் தப்புன்னு நாங்க தலை குனிஞ்சிருந்தா, திருத்திக் கொண்டு வாங்கன்னு இன்னொரு வாய்ப்பு கொடுத்திருப்பாங்க. சரியா இருந்ததுக்கு மன்னிப்பு கிடையாது. இதையெல்லாம் யோன்ஜு மேடையில சொல்ல மாட்டா.

போன மாசம் புதுசா தொழில் ஆரம்பிக்கிறவங்களுக்குன்னு ஒரு கூட்டம். தோத்தவங்க வந்து பாடம் சொல்லணுமாம், இப்ப அது ஒரு பழக்கமா இருக்கு. யோன்ஜு கறுப்புக் கோட்டு போட்டுக்கிட்டு நின்னா. பாடம் ஒண்ணு, வாங்குறவரும் போட்டுக்கறவரும் வேற வேற ஆள். பாடம் ரெண்டு, தெரிஞ்சவங்ககிட்ட முதல்ல விக்காதீங்க. பாடம் மூணு, மனுசங்க கருவியை நீங்க நினைச்ச மாதிரி பயன்படுத்த மாட்டாங்க. மனுசங்கன்னா. ஒரு பேரும் சொல்லலை. நான் ரெண்டாவது வரிசையில, பேர் வருமா வருமான்னு பார்த்துக்கிட்டே இருந்தேன். கடைசியில ஒரு பையன் எழுந்து, "மறுபடியும் ஆரம்பிச்சா என்ன மாத்துவீங்க?"ன்னு கேட்டான்.

"கழட்ட முடியாத மாதிரி ஒரு பூட்டு வைப்பேன்"னா.

எல்லாரும் சிரிச்சுக் கை தட்டினாங்க.

திரும்பி வர்றப்ப பஸ்ல அவ ஜன்னல் பக்கம் உக்காந்திருந்தா. போன்ல ஒரு படத்தை எடுத்துக் காட்டினா. "சும்மா சொல்லலைம்மா. கணுக்கால் பக்கமா ஒரு கொக்கி. கோச் கையில இருக்கிற சாவி இல்லாம கழட்ட முடியாது. வடக்குல ஒரு மாரத்தான் அணி பார்க்கலாம்னு சொல்லியிருக்காங்க. மாதிரிக்கு ஒண்ணு தைச்சுத் தர்றியா?"

"ஹாரிமைப் போய்ப் பார்த்தியா?"ன்னு கேட்டேன்.

"எதுக்கு?"ன்னா. "பார்த்தா என்ன சொல்றது?"

எனக்கும் தெரியலை. மீன் கடை இருக்கிற தெருப் பக்கமே நான் போறதில்லை, காய் வாங்கக்கூட சுத்திக்கிட்டுத்தான் போறேன். அவ போனை என் பக்கம் நீட்டினபடியே இருந்தா. நான் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு அந்தக் கொக்கி எங்க வருதுன்னு பார்த்தேன்.

"என்ன அளவுல வேணும்?"ன்னு கேட்டேன்.